பின்பெயர்

டேனிஷிலிருந்து பெயர்த்த பாடநூல்
நாற்பத்தொன்றாம் பக்கத்தில் சொல்கிறது:
பேரினம் என்பது குடும்பப் பெயர் மாதிரி,
சிற்றினம் வீட்டில் கூப்பிடும் பெயர் மாதிரி.

அதைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால்
எட்டாம் வகுப்பின் பதினான்கு முகங்களும்
மயிர் கத்தரித்த ஆடுகளாய் விழிக்கின்றன.
தோர்கில்ஸ் கேட்டான்:
ஹெர்திஸ், குடும்பப் பெயர் என்றால்?
(இங்கே ஆசிரியையையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள்.)

அவன் கெட்டில்சன், கெட்டிலின் மகன்.
அவனோடு இரட்டையாய்ப் பிறந்து
அடுத்த பெஞ்சில் பென்சில் கடிக்கும் ல்யோத்துன்
கெட்டில்ஸ்தோட்டிர், கெட்டிலின் மகள்.
கெட்டில் தன் அப்பாவின் பெயரைச் சுமக்கிறார்,
அவர் மனைவி தன் அப்பாவின் பெயரை.
ஒரே சாப்பாட்டு மேசை, நான்கு பின்பெயர்கள்.
இசாஃப்யோர்துர் தபால்காரர் ஒருநாளும் குழம்பியதில்லை.
பாடநூல்தான் வாசலில் நின்று கதவு எண் தேடுகிறது.

சட்டையை மாட்டுங்கள், வெளியே போவோம் என்றேன்.
செப்டம்பர். மலை வெயிலை விழுங்க
இன்னும் எட்டு வாரம் இருந்தது.
சரிவில் மண்டியிட்டு ஒரு வாளி நிறையப் பறித்தோம்,
பழுப்பாய், கிளைகிளையாய், கருகின அப்பள ஓரமாய்.
மலைப்புல் என்கிறது ஊர்.
அதில் புல் எதுவும் இல்லை.
கண்ணாடிச் சில்லில் வைத்துக் கண்ணைப் பொருத்தினால்
பூஞ்சை இழைகளின் சிக்கலுக்குள்
பச்சைப்பாசி மணிமணியாய்க் குந்தியிருக்கிறது,
அடுத்தவர் வீட்டில் சமையல் பொறுப்பேற்றவள் போல.

செட்ராரியா இஸ்லாந்திகா, என்றேன்.

மார்ச்சில் வந்து சேர்ந்த போலந்துப் பையன்,
வருகைப் பதிவில் 'இருக்கிறேன்' தவிர
வேறு சொல் செலவழிக்காத இக்னாட்சி
கை தூக்கினான்.
அது பெண்பால்.
எப்படித் தெரியும்?
நான் ரதோலின்ஸ்கி, என் அக்கா ரதோலின்ஸ்கா.
முன்னால் நிற்பது யாரோ அதற்கேற்ப வால் மாறும்.

வகுப்பில் குடும்பப் பெயர் உள்ள ஒரே ஆள்.
எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்,
ஆறாவது விரல் இருப்பவனைப் பார்ப்பதுபோல.

நான் இன்னும் இரண்டு பெயர் எழுதினேன்.
மீவாட்னில் முட்டையிடும் வாத்து ஒன்று
பூசெஃபாலா இஸ்லாந்திகா.
கடலடி மணலில் ஐந்நூறு வருஷம் வாழக்கூடிய சிப்பி
ஆர்க்டிகா இஸ்லாந்திகா.
அப்போ வாத்தும் சிப்பியும் இதுவும் சொந்தமா?
இல்லை, என்றாள் ல்யோத்துன், பென்சிலை எடுத்துவிட்டு.
இந்த ஊரில் மூன்று கெட்டில்கள்.
துறைமுகத்துக் கெட்டிலின் மகளும் கெட்டில்ஸ்தோட்டிர்தான்,
எனக்கு அவள் யாரோ.
உறவு பார்க்க முன்பெயரைப் பார்க்கணும், இதில்.

நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.
பாடநூல் எழுதியவருக்கு இது தோன்றவில்லை.
எனக்கும்.

உள்ளே இரண்டு உயிர், பெயர் ஒன்றுதானே,
அது யாருடையது? தோர்கில்ஸ்.
விதிப்படி பூஞ்சையுடையது.
பாசிக்கு அதன் பழைய பெயர் தனியே உண்டு.
அவ்வளவுதானே, என்றாள் ல்யோத்துன்,
சேர்ந்து வாழ்கிறார்கள், அவள் பெயரை மாற்றவில்லை.
எங்கள் அம்மா மாற்றினாள், என்றான் இக்னாட்சி.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
எப்படி மாற்ற முடியும் என்றுதான் கேட்டார்கள்.

பிறகு அவன் சொன்னான்:
இது தாத்ரா மலையிலும் முளைக்கிறது.
அங்கேயும் இஸ்லாந்திகாதான்.
அங்கே இருப்பது ஒருதடவைகூட இங்கே வந்ததில்லை.

காற்று வாளியை உருட்டியது. ஓடிப்போய்ப் பிடித்தோம்.

மாலையில் யாரோ சமையற்கூடத்திலிருந்து பால் கொண்டுவர,
மாதிரியில் முக்கால் பங்கைக் கொதிக்கவைத்துக் குடித்தாயிற்று.
கசப்பு. சர்க்கரை போதவில்லை.
மிச்சம் காகித உறையில் கிடக்கிறது.
சேகரித்தவர் என்ற கோட்டில்
இக்னாட்சி தன் பெயரை எழுதிவிட்டு
அடுத்த சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறான்.
நான் நிரப்பவில்லை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
ஒரு வரியைப் பென்சிலால் அடித்தேன், மெல்ல.
வசந்தத்தில் புத்தகத்தை நூலகத்துக்குத் திருப்பித் தரவேண்டும்.